கருவுற்ற தாய்க்கு ஓர் இரத்தப் பரிசோதனை
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர்கள் கீழாநெல்லியைத் தேடிப் போவார்கள். கண்ணில் மஞ்சள் தெரிந்தால்தான் நோய் என்பது நமது கணக்கு. ஆனால் இன்று நாம் பேச வந்த ஹெபடைடிஸ் பி எனும் ஈரல் நோய்க் கிருமி, பலரிடத்தில் எந்த அடையாளமும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். வேர்நோய் கண்ட ரப்பர் மரத்தை நாம் அறிவோமல்லவா? மேலே இலை பச்சையாயிருக்கும். மண்ணுக்குள் வேர் அழுகிக்கொண்டிருக்கும்.

இக்கிருமி இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவ வேளையில் தாயிடமிருந்து சேய்க்கும் பரவுகிறது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைக்கும். பிறக்கும்போதே தொற்றிய பிள்ளைகளிலோ நூற்றுக்கு 90 பேரிடம் நிலைத்துவிடும். அப்பிள்ளை வளர்ந்து உழைக்கும் வயதில், ஈரல் சுருங்கியோ ஈரலில் புற்று கண்டோ படுக்கையில் விழ நேரலாம்.

யாருக்கு ஆபத்து அதிகம்? மலேசியாவில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இதற்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989-ல்தான். அதற்கு முன் பிறந்த பலருக்கு அந்தக் காப்பு இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்து நம்முடன் வேலை செய்யும் சகோதரிகள் சிலருக்கும் இல்லாதிருக்கலாம். வீட்டில் ஒருவருக்குக் கிருமி இருப்பது, ஒரே சவர பிளேடைப் பலர் பயன்படுத்துவது, சுத்தம் செய்யாத ஊசியால் காது குத்துவது, பச்சை குத்துவது ஆகியவையும் வழிகளே. உடலுக்கு வெளியே சிந்திய இரத்தத்தில்கூட இது 7 நாள் வரை வீரியத்தோடிருக்கும். இவை ஒன்றும் நமக்கில்லை என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. கிருமியுள்ள தாய்மார் பலர், தாம் பிறந்தபோதே தம் தாயிடமிருந்து அதைப் பெற்றவர்கள். ஆகவேதான் ஒவ்வொரு கர்ப்பிணியும் முதல் மூன்று மாதத்திலேயே இரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டுமென்கிறோம்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. கிருமி உண்டென்று தெரிந்ததும் மனைவியின் ஒழுக்கத்தைச் சந்தேகிப்பதும், மாமியார் அவளுடைய தட்டையும் தம்ளரையும் ஒதுக்கி வைப்பதும் அறியாமை. அதிலும் முன்னது அநியாயம். ஒரே பானைச் சோற்றை உண்பதால் இது பரவாது. தாய்ப்பாலும் கொடுக்கலாம். கணவரும் மற்றப் பிள்ளைகளும் இரத்தம் பார்த்து, காப்பு இல்லையேல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கிருமி மிகுந்த தாய்க்குக் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரை உண்டு. குழந்தைக்குப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி. கிருமியுள்ள தாயின் பிள்ளைக்கு, கூடுமானால் 12 மணி நேரத்துக்குள், இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர வேண்டும். மீதித் தவணைகளை விட்டுவிட்டால் காப்பு முழுமையாகாது.

அரை நாள் கூலியை எண்ணி கிளினிக்குக்குப் போகத் தயங்கும் பெண்கள் உண்டு. கிராணிமார்களே, செக்ரோல் எழுதும் உங்களுக்குத்தான் அது முதலில் தெரியும். நிர்வாகத்திடம் பேசி அவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள்.