சீட்டு யாருடையது?

(ஆதரவாளர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டிடத்தைப் பற்றியும் கட்டில்களைப் பற்றியும் பேசத்தான் வழக்கமாக எங்களை அழைப்பீர்கள். அவற்றை நீங்கள்தானே தாங்குகிறீர்கள்! இன்று ஒரு காகிதத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். ஆய்வகத்திலிருந்து வருகிற பரிசோதனைச் சீட்டுதான் அது.

சில வருஷங்களுக்கு முன் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா தம் கணவரை எங்களிடம் அழைத்து வந்தார். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னோம். கொஞ்சம் பாக்கி இருந்ததால் எங்கள் கணக்கு அறையில் படத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அவர்கள் வெறுங்கையோடு பஸ் ஏறினார்கள். மதுரையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. அதற்காக ஓர் ஆட்டை விற்றதாகப் பிற்பாடு அந்த அம்மா சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எங்க வீட்டுக்காரரு நெஞ்சுதானய்யா அந்தப் படத்துல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

சட்டத்தில் அதற்குப் பதில் அப்போதே இருந்தது என்பதுதான் வெட்கம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் வகுத்த நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று வருஷம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும். மறுப்பது மருத்துவரின் நடத்தைக் குற்றம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வெளியிட்ட நோயாளர் உரிமைச் சாசனமும் இதையே சொல்லுகிறது.

காகிதம்தானே என்று நினைக்கிறவர்களுக்குக் கொடைக்கானலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உங்களில் பலர் கோடையில் வந்து தங்கும் பங்களாக்களிலிருந்து அது அதிக தூரமில்லை. பாம்பார் சோலையின் ஓரத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது. பின்பு இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 2001-ல் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்தார்கள். அந்த மார்ச் மாதமே ஆலை நின்றது.

வேலை செய்தவர்கள் சிறுநீரகக் கோளாறு, கை நடுக்கம், மறதி என்று சொன்னார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குக் கேடு இல்லை என்று கம்பெனி சொல்லி வந்தது. தொழிலாளர் கேட்டவற்றில் தங்கள் உடல்நலப் பதிவேடுகளும் ஒன்று. ஏன் அது அவ்வளவு முக்கியம்? உலோகப் பாதரசம் மூச்சோடு உள்ளே போகிறது. இரத்தத்திலும் சிறுநீரிலும் சில மாதங்கள் தெரிகிறது. வேலையை விட்டு வருஷங்கள் கழித்துச் சோதித்தால் ஒன்றும் தென்படாமல் போகலாம். அது செய்த சேதமோ இருந்துவிடலாம். ஆகவே, வேலையில் இருந்த நாட்களில் எடுத்த சிறுநீர்ச் சோதனைக்கு ஈடு வேறில்லை. அதை மறுபடி எடுக்க முடியாது. மதுரையில் ஆட்டை விற்று எக்ஸ்ரே எடுத்ததைப் போல் ஓர் ஆட்டை விற்றாலும் முடியாது.

போபால் விபத்துக்குப் பின் 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான வேலைகளில் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டைச் சரியாக வைத்திருக்க வேண்டும், அவர் பார்க்கவும் வழி இருக்க வேண்டும் என்று அதன் 41சி பிரிவு சொன்னது. சட்டம் அப்படி இருந்தும் வழக்கு வருஷக்கணக்காக இழுத்தது. கடைசியில் 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்படிக்கை செய்துகொண்டது. காத்திருந்தவர்களில் எல்லாரும் அந்த நாளைக் காணவில்லை.

இனி எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "சீட்டைக் கையில் கொடுத்தால் பயந்துபோவார்கள், பாதியைப் புரிந்துகொண்டு பூசாரியிடமோ மருந்துக் கடையிலோ போய் நிற்பார்கள்" என்று எங்களில் மூத்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. புற்றுநோய் என்று எழுதிய தாளைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டவரை நாங்களே அறிவோம். பெரியவரிடம் சொல்லாதீர்கள் என்று மகன்கள் வந்து கெஞ்சுவதும் உண்டு. எய்ட்ஸ் கிருமிச் சோதனை என்றால் இன்னும் கவனம் தேவை. 2017-ம் வருஷச் சட்டப்படி அவர் சம்மதமின்றி மற்றவருக்குச் சொல்லக் கூடாது. ஆனால் பயப்படுகிறார்கள் என்பதற்காகச் சீட்டைப் பூட்டி வைத்தால், நம்மிடமுள்ள குறைக்கு அவர்களைத் தண்டிப்பதாகும். சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. விளக்க நமக்கு நேரமில்லை. குறை அங்கேதான்.

அமெரிக்காவில்கூட, ஆய்வகம் நேரடியாக நோயாளிக்கே முடிவைத் தரவேண்டும் என்ற விதி 2014-ல்தான் வந்தது. நம் ஊரில் நிலைமை வேடிக்கையானது. வெளி ஆய்வகத்தில் பணம் கட்டினால் சீட்டு கையில் வந்துவிடும். மஞ்சள் பையில் பத்து வருஷத்துச் சீட்டுகளோடு வருகிறவர்கள் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

இப்போது எங்களிடம் பாக்கி இருந்தாலும் படமும் சீட்டும் நோயாளியோடு போகின்றன. சர்க்கரை, இரத்தச் சோகை, சளிச் சோதனை இவற்றின் முடிவைத் தமிழில் இரண்டு வரி எழுதி நர்ஸ் வாசித்துக் காட்டுகிறார். கெட்ட செய்தி என்றால் டாக்டரே உட்கார்ந்து சொன்ன பிறகு, மூடிய கவரில், அவர் கையிலேயே கொடுக்கிறோம். மழைக் காலத்தில் மலைப்பாதையில் நடந்து போகிறவர்களின் தாள் நனைந்து கூழாகிவிடுகிறது. அதற்குப் பிளாஸ்டிக் உறை வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் ஒன்றும் வேண்டும். இருப்பது வாரத்தில் மூன்று நாள்தான் வேலை செய்கிறது. உங்களிடம் கேட்க வந்தது இவ்வளவுதான்.

அந்த அம்மா போன மாதம் சர்க்கரைச் சோதனைக்கு வந்தார். சீட்டைக் கொடுத்ததும் மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளப் போனவர், நின்று, "இதுல என்ன போட்டிருக்குன்னு மொதல்ல சொல்லுங்க" என்றார்.