கள்வனுக்குக் கைதட்டினோம்



தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலைத்தொடர் நீல மதில்போல் நிற்கும். நான் சிறுவனாயிருந்த நாளில், எங்கள் பக்கத்துக் கூரைக் கொட்டகையில் ‘மலைக்கள்ளன்’ படம் வந்தது. மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் அமர்ந்து பார்த்தோம். கள்வன் தோன்றியபோதெல்லாம் கைதட்டினோம். அவன் பகைவர் அடிபட்டு வீழ்ந்தபோது இன்னும் பலமாகத் தட்டினோம்.

மறுநாட் காலை, எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு மனிதனைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். வாழைத்தார் ஒன்றைத் திருடினான் என்பது அவன்மேற் குற்றம். சிறுவர் கூடி நின்று வேடிக்கை பார்த்தோம். எங்களுள் ஒருவன் கைதட்டவும் செய்தான். அவன் வேறு யாருமல்லன், நானேதான்.

வீட்டுக்கு ஓடி என் அமுச்சியிடம் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: “நேத்துக் கள்ளனுக்காகக் கை தட்டுனே, இன்னைக்குக் கள்ளனை அடிக்கறதுக்குக் கை தட்டறே. என்ன கண்ணு வித்தியாசம்?”

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு படங்களைக் கூர்ந்து பார்க்கப் பழகியபோதுதான் விடை சிறிது சிறிதாக விளங்கிற்று.

‘மலைக்கள்ளன்’ நம் கோவையிலேயே பிறந்த படம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய கதையை, பட்சிராஜா நிறுவனத்தார் 1954-இல் படமாக்கினர். இயக்கியவர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு, உரையாடல் மு. கருணாநிதி; நாயகர் எம். ஜி. இராமச்சந்திரன். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. மறுவருடமே ‘ஆஸாத்’ என்ற பெயரில் இந்தியிலும் வந்தது.

அப்படத்தில் கள்வனை நாம் நேசிப்பது ஏன்? அவன் ஏழைக்குக் கொடுக்கிறான் என்பது ஒரு காரணம். அதைவிட நுட்பமான காரணம் ஒன்றுண்டு. கனவான்களாக உலவுவோரே உண்மைக் கொடியவர்கள் என்பதை நமக்கு முன்னதாகவே காட்டிவிடுகிறார்கள். கருமைக்கு அருகில் வைத்தால் சாம்பல் நிறமும் வெண்மையாய்த் தோன்றுமன்றோ? கதையில் வருவோர் அறியாத மெய்யை நாம் அறிந்திருப்பதால், அவன் பக்கத்து ஆளாகவே ஆகிவிடுகிறோம்.

இரண்டாவது உத்தி, நிகழ்ச்சிகளை அடுக்கும் முறை. 1987-இல் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ படத்தை எண்ணிப் பாருங்கள். தந்தையைப் போலீசார் சுட்டுக் கொன்றதைக் கண்ட சிறுவனே வேலு. அவன் கையில் கத்தி ஏறுமுன் அவன் துயரம் நம் நெஞ்சில் ஏறிவிடுகிறது. அதே நிகழ்ச்சிகளை மாற்றி அடுக்கி, முதலில் கத்திக்குத்தையும் பின்னர்த் தந்தையின் சாவையும் காட்டியிருந்தால், நம் தீர்ப்பு வேறாயிருந்திருக்கும். பி. சி. ஸ்ரீராமின் ஒளியும் இளையராஜாவின் இசையும் அவனுடைய தனிமையையே நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது, காட்சிகளைக் கோக்கும் கலை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் குலேஷோவ் என்ற ரஷ்யர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியே காட்டாத ஒரு நடிகரின் முகத்தை உணவுக் கிண்ணத்துக்கு அடுத்தும், சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டினார். பார்த்தவர்கள் ஒன்றில் பசியையும் மற்றொன்றில் துயரத்தையும் கண்டார்கள். முகமோ ஒன்றே! உணர்ச்சியைப் பெய்தவர்கள் பார்த்தவர்களே.

நான்காவது, காமிரா நிற்கும் இடம். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ 1960-இல் வந்தது. கொலையை மறைப்பதற்காக ஓர் இளைஞன் காரைச் சேற்றுக்குளத்தில் தள்ளுகிறான். கார் பாதி அமிழ்ந்து சட்டென்று நின்றுவிடுகிறது. அவன் திகைக்கிறான், நாமும் மூச்சடக்குகிறோம். ‘அமிழ்ந்து போகட்டும்’ என்று நம் மனம் விழைகிறது. ஒரு குற்றத்துக்கு ஒரு கணம் உடந்தையாகிவிடுகிறோம். காமிரா அவனருகில் நின்றது. ஆகவே நாமும் அங்கே நின்றோம்.

இவற்றைச் சொல்வதால் படங்களைப் பழிக்கிறேன் என்று எண்ண வேண்டா. வெறுக்கத்தக்கவன் நெஞ்சிலும் ஒரு வடு உண்டு என்று காட்டுவது கலையின் பெருமை. ஆனால் இரக்கமும் நீரைப் போன்றது. வெட்டிய வாய்க்காலிலேதான் ஓடும். வாய்க்காலை வெட்டியவர் யார், எந்த வயல் காய்ந்து கிடக்கிறது என்று கேட்பது நம் கடமை. நாயகனிடம் அடிபட்டு விழும் அடியாளுக்கு முகமில்லை, வீடில்லை, தாயில்லை. ‘நாயகன்’ இவ்வகையில் நேர்மையான படம். வேலு கொன்ற அதிகாரியின் மனைவியையும் மனநலம் குன்றிய மகனையும் அது காட்டுகிறது. இறுதியில் அம்மகனே வேலுவைச் சுடுகிறான். காய்ந்த வயலுக்கும் அப்படம் ஒரு மடை திறந்தது.

மாணவ நண்பர்களே! அடுத்த முறை வன்முறைக்குக் கைதட்ட உங்கள் கை எழும்போது, ஒரு நொடி நிறுத்தி, “யாருடைய துயரத்தை எனக்குக் காட்டினார்கள்? யாருடையதைக் காட்டவில்லை?” என்று கேளுங்கள். அதன்பின் கைதட்டுவதும் தட்டாததும் உங்கள் விருப்பம்.

என் அமுச்சியின் வினாவுக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். மலைக்கள்ளன் கதையை எனக்கு நெடுநேரம் சொன்னார்கள். தென்னை மரத்தில் கட்டுண்டு நின்றவன் கதையை ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவன் வீட்டில் அன்று எத்தனை பேர் பசித்திருந்தார்களோ! இன்றுவரை அவன் பெயரைக்கூட நான் அறியேன்.