குடலும் குடிநீரும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



வயிற்றைப் பற்றி அவையிற் பேசுவது நாகரிகமன்று என்று எண்ணுவோர் உளர். அந்த நாணமே பல நோய்களை முற்ற விடுகின்றது. ஆதலின் வெளிப்படையாகவே பேச விழைகின்றேன்.

உண்ட உணவு உமிழ்நீரோடு கலந்து, இரைப்பையில் கூழாகி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலை அடைகின்றது. அங்கே பித்தநீரும் கணையநீரும் அதனைச் செரிக்கச் செய்ய, சத்து குருதியிற் சேர்கின்றது. எஞ்சியது பெருங்குடலுக்குச் செல்கின்றது. இதில் வியப்புக்குரியது நீரின் கணக்கே. நாள்தோறும் நாம் உட்கொள்வது சுமார் 2 லிட்டர் நீர். உடல் தானே சுரப்பது சுமார் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது கால் லிட்டருக்கும் குறைவு. மற்றதையெல்லாம் குடல் மீட்டுக்கொள்கின்றது.

இக்கணக்குப் பிசகினால் தொல்லை தொடங்குகின்றது. மலம் பெருங்குடலில் நெடுநேரம் தங்கி நீரை இழந்தால் மலச்சிக்கல். நாள் முழுதும் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் நம் இளைஞர்க்குக் கீரையும் பழமும் முழுத்தானியமும் போதிய நீரும் நடையுமே முதல் மருந்து. மாறாக, கிருமியால் குடல் நீரை மீட்க மாட்டாது போனால் வயிற்றுப்போக்கு.

அதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு நம் புனே நகரமே சான்று. 2025 சனவரியில் சிங்ககட் சாலைப் பகுதியிலும் அதனைச் சுற்றியும் கில்லன்-பாரே என்னும் நரம்பு நோய் திடீரெனப் பெருகியது. ஐயத்திற்குரியோர் உட்பட 200-க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். பலருக்கு முதலில் வந்தது வயிற்றுப்போக்கே. நோயாளர் சிலரின் மலத்தில் காம்பைலோபாக்டர் என்னும் நுண்ணுயிர் காணப்பட்டது; மாசுற்ற நீரின்மீது ஐயம் விழுந்தது. அந்நுண்ணுயிரை எதிர்க்க எழும் உடலின் காப்பாற்றல், சிலரிடம் தன் நரம்புகளையே பகையெனக் கொண்டு தாக்கிவிடுகின்றது.

நம் வாகட்டின் அடுக்ககங்களிலும் குழாய் நீரும் டாங்கர் நீரும் ஒரே தொட்டியிற் கலப்பதுண்டு. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று. தொட்டி எப்போது கழுவப்பட்டது, குளோரின் இடப்பட்டதா என்று வினவுவது நம் கடமை. ஐயமிருப்பின் கொதிக்க வைத்த நீரையே பருகுங்கள்.

வயிற்றுப்போக்குக் கண்டால் இழந்த நீரை உடனே ஈடுசெய்க. சர்க்கரை உப்பைக் குடற்சுவரின் வழியே உள்ளே இழுத்துச் செல்ல, நீரும் உடன் செல்கின்றது. 1971-இல் வங்க அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இம்முறையால் காலரா நோயாளர் எண்ணற்றோரைக் காத்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடையாதபோது, 1 லிட்டர் தூய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுக்கலாம்.

மலத்தில் குருதி, குறையாத காய்ச்சல், சிறுநீர் குன்றுதல் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் செல்லுங்கள். வயிற்றுப்போக்குக்குப் பின் கைகால் மரத்தாலோ தளர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்கு விரையுங்கள். நாளை என்று ஒத்திப்போட வேண்டா.

விழா விருந்து காத்திருக்கின்றது. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, அளவறிந்து உண்டு, நலமாக வாழ்வீர்களாக!