குடல் நோயுற்ற குழந்தைகளும் ஊட்ட உணவும்



நான் ஒரு குழந்தை மருத்துவன். என்னிடம் வரும் குழந்தைகளின் எடையை ஒவ்வொரு முறையும் நிறுத்துக் குறித்து வருகிறேன். அதே கருத்துடன் உயரத்தையும் அளந்து வந்தேனா என்று கேட்டால், ஒரு சிறுவன் விஷயத்தில் இல்லை என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். அவனைப் பற்றிச் சொல்லாமல் இன்றையப் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்கு அப்பொழுது வயது 12. அடிக்கடி வயிற்று வலி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை வயிற்றுப்போக்கு, உணவில் வெறுப்பு. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தேன். பசியைத் தூண்டுமென்று டானிக் எழுதிக் கொடுத்தேன். சில நாள் தேறுவான், மறுபடியும் வாடுவான். இவ்வாறு ஓராண்டு கழிந்தது. ஒரு நாள் அவன் தாயார், "டாக்டரையா, பொங்கலுக்குப் பொங்கல் இவனைக் கதவு நிலையோடு நிறுத்திப் பென்சிலால் கோடு போடுவது எங்கள் வீட்டு வழக்கம். போன பொங்கலுக்குப் போட்ட கோட்டின் மேலேயே இந்தப் பொங்கல் கோடும் விழுந்துவிட்டது" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே அவனைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே குடலினுள் விளக்குக் குழாயைச் செலுத்திப் பார்த்தார்கள். சிறு சதைத் துணுக்கை எடுத்து ஆராய்ந்தார்கள். நம் நாட்டில் இதே தோற்றத்தில் வரக்கூடிய குடற் காசநோய் அன்று என்று தெளிந்த பின்னரே, இது கிரோன் நோய் என்று முடிவு கூறினார்கள்.

குடல் அழற்சி நோய்களில் முக்கியமானவை இரண்டு. பெருங்குடலின் உட்பூச்சில் மட்டும் புண் உண்டாக்குவது ஒன்று. வாய் முதல் மலவாய் வரை எங்கு வேண்டுமானாலும் தோன்றிக் குடற்சுவர் முழுவதையும் துளைத்துச் செல்லக்கூடியது மற்றொன்று. அதுவே கிரோன் நோய். 1932-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மௌண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் மூவர், 14 நோயாளிகளின் வரலாற்றை ஒரு கட்டுரையில் விளக்கினர். கிரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்பன அவர்கள் பெயர்கள். ஆங்கில நெடுங்கணக்கு வரிசையில் கிரோனின் பெயர் முதலில் நின்றது. நோயும் அவர் பெயரைப் பெற்றுவிட்டது. மற்ற இருவரையும் இன்று நினைப்பார் இல்லை!

வெளியிலிருந்து வரும் பகையை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, இந்நோயில் தன் குடலையே தாக்குகிறது. வளர்ந்தவர்க்கு இது வந்தால் உடல் மெலியும். வளரும் பிள்ளைக்கு வந்தால் அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் பருவமெய்தும் காலம் கடந்ததும் மூடிக்கொள்கின்றன. மூடிய பின் எவ்வளவு ஊட்டினாலும் உயரம் கூடாது. அழற்சியோ, வளர்ச்சிக்குரிய சுரப்புநீர்களின் வேலையைத் தடுத்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உண்டால் வலிக்கிறதே என்று பிள்ளை உணவைக் குறைத்துக்கொள்கிறது. உண்டதும் முழுமையாக உடலில் சேர்வதில்லை. வயிற்றுக் கோளாறு வெளியே தெரிவதற்கு முன்பே உயரம் நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே இந்நோய்க்கு மருத்துவம் செய்வோர் நாட்களை எண்ணிக்கொண்டே செய்ய வேண்டியிருக்கிறது.

"அப்படியானால் சத்து மருந்துகளை நிறையக் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அளந்து பார்த்துக் கொடுக்க வேண்டும். இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தம் கசிவதால் இக்குழந்தைகளுக்குச் சோகை வருவது சாதாரணம். உடனே இரும்பு டானிக் வாங்கி ஊற்றுகிறோம். ஆனால் அழற்சி மிகுந்திருக்கும்பொழுது கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளை மிகுதியாக வெளியிடுகிறது. அது இரும்பு இரத்தத்தில் புகும் வாயிலை அடைத்துவிடுகிறது. ஊற்றிய டானிக் குடலிலேயே தங்கி வயிற்றைப் புரட்டுகிறது. மலத்தைக் கறுப்பாக்கி, இரத்தக் கசிவு இருக்கிறதா என்பதையும் மறைக்கிறது. இத்தகைய நிலையில் இரும்பை நரம்பூசி வழியாகச் செலுத்துவதே பயன் தரும். பி12 என்னும் வைட்டமின் சிறுகுடலின் கடைப்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. கிரோன் நோய் பெரிதும் விரும்பித் தங்குவதும் அதே இடத்தில்தான். அங்கே பழுது மிகுந்தாலோ, அப்பகுதியை அறுத்து நீக்க நேர்ந்தாலோ, ஊசி மருந்து வேண்டியிருக்கும். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் வேண்டும். வெயிலுக்குக் குறைவில்லாத நம் நாட்டிலும் டி குறைந்த குழந்தைகள் ஏராளம். சில மருந்துகள் போலிக் அமிலத்தைக் குறைத்துவிடும். அதையும் ஈடுசெய்ய வேண்டும். நான் எழுதிக் கொடுத்த டானிக் இவற்றில் எதையும் செய்யவில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். இந்நோயில் உணவே மருந்தாகும் முறை ஒன்று உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் வரை, புரதம், கொழுப்பு, மாவுப்பொருள், உயிர்ச்சத்துக்கள், உப்புக்கள் அனைத்தும் கணக்காகச் சேர்ந்த பால் போன்ற உணவை மட்டுமே குழந்தை பருக வேண்டும். சோறில்லை, இட்லியில்லை, பழமில்லை. தண்ணீர் மட்டும் உண்டு. இவ்வகை உணவுகளுள் பழையது ஒன்று 1960-களில் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சியை ஒட்டி உருவாயிற்று என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்! கிரோன் நோயுற்ற குழந்தைகளில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இம்முறையால் நோய் தணிகிறது. ஸ்டீராய்டு மருந்தும் தணிக்கும். ஆனால் அது வளர்ச்சியைக் கெடுக்கும். 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில் 37 குழந்தைகள் பங்குகொண்டனர். இவ்வுணவை உண்ட 19 பேரில் 14 பேருக்குக் குடற்புண் ஆறியது. ஸ்டீராய்டு உண்ட 18 பேரில் 6 பேருக்கே ஆறியது. பெருங்குடலில் மட்டும் வரும் மற்றைய நோய்க்கு இம்முறை பலிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சொல்வது எளிது. நம் சிறுவனுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு லிட்டர் தேவைப்பட்டது. அதாவது பத்துத் தம்ளர். முதல் நாளே அவன் பாட்டி, "சோறு போடாமல் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிறீர்களே, இது அடுக்குமா?" என்று என்னைக் கேட்டார். இது பட்டினியன்று, அவன் இதுவரை உண்டு வந்ததைவிட மிகுதியான உணவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கணக்கை நம்பவில்லை. பேரன் வலியின்றித் தூங்கிய ஆறாம் நாள் இரவைத்தான் நம்பினார்.

மூன்றாம் வாரத்தில் பையன் தலைகுனிந்து வந்து நின்றான். பள்ளியில் நண்பன் ஒருவன் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்த முறுக்கில் பாதியைத் தின்றுவிட்டானாம். "பசியில்லை ஐயா; எல்லாரும் தின்றார்கள்" என்றான். இந்த மருத்துவத்தில் கடினமானது பாலின் சுவையன்று என்பது எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. நண்பகல் மணி அடித்ததும் அவன் தன் குப்பியை எடுத்துக்கொண்டு தனியே நூலகத்துக்குப் போய்விடுவது வழக்கம். இதை அவன் வகுப்பாசிரியரிடம் தந்தையார் தெரிவித்தார். மறுநாள் முதல் இரண்டு மாணவர்கள் தங்கள் உணவை விரைவாக முடித்துக்கொண்டு அவனோடு சதுரங்கம் ஆட வந்துவிட்டார்கள். வீட்டிலோ, அவன் மாலையில் விளையாடப் போன வேளையில்தான் தாளிதம்! ஏனையோர் அதற்குள் உண்டு முடிப்பார்கள். எட்டு வாரமும் இப்படியே நிறைவேறின. பின்னர் உணவு வகைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். நோய் மீளாதிருக்க வேறு மருந்தும் தொடங்கப்பட்டது.

அடுத்த பொங்கலுக்கு விழுந்த கோடு பழைய கோட்டுக்கு நான்கு விரற்கடை மேலே இருந்ததாகத் தாயார் சொன்னார்.

உங்களுள் எவரேனும் இதைக் கேட்டுவிட்டுத் தாமே மாவு வாங்கிக் கரைத்துக் குடிக்கத் தொடங்கிவிட வேண்டாம். மிகவும் மெலிந்துபோன பிள்ளைக்குத் திடீரென்று முழு உணவும் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புக்கள் குறைந்து உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்று வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமின்றி இளைத்தல் ஆகியவை கண்டால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்பொழுது, சென்ற ஆண்டு உங்கள் உயரம் என்ன என்பதைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். கேட்க மறந்தாலும் காட்டுங்கள்.

அச்சிறுவன் இன்றும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு வருகிறான். நோய் முற்றிலும் அகன்றுவிடவில்லை, அடங்கியிருக்கிறது. நாள்தோறும் இரண்டு தம்ளர் அந்தப் பாலைக் குடிக்கிறான். அதன் மணம் இன்னும் பிடிக்கவில்லையாம். இப்பொழுதெல்லாம் அவன் அறைக்குள் நுழைந்ததும், நான் சொல்லாமலே போய் அளவுகோலின் அடியில் நிற்கிறான்.