களுத்துறையின் கயிற்றுப் பாதை

பிரான்சு நாட்டிலே, போர்தோ என்னும் பெருநகருக்கு அணித்தாக, சென் எமிலியோன் என்றொரு சிற்றூர் உண்டு. திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரின் பெயரே அங்கு உண்டாக்கப்படும் மதுவின் பெயருமாகும். வேற்றூர்த் திராட்சையின் மதுவுக்கு அப்பெயரைச் சூட்டுதல் 1936ஆம் ஆண்டு முதல் சட்டப்படி குற்றம். 1999இல் அவ்வூரும் அதன் தோட்டங்களும் உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றன.

கொழும்பு மாநகருக்கும் அத்தகைய அயலூர்கள் உள. வெள்ளவத்தையிலே புகைவண்டியேறிக் கடலோரமாகத் தெற்கே செல்வோர், பாணந்துறையையும் வாதுவையையும் கடந்து, ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவில் களுத்துறையை அடைவர். இருமருங்கும் தென்னஞ்சோலைகள். சற்றே அண்ணாந்து நோக்கின், அம்மரங்களின் தலைகளை ஒன்றோடொன்று பிணைத்துத் தும்புக் கயிறுகள் ஓடுவதைக் காணலாம். அவையே இந்நாட்டுத் தென்னங்கள்ளின் பாதைகள்.

யாழ்ப்பாணத்துச் சீவல் தொழிலாளி பனைதோறும் தளநார் பூட்டி ஏறியிறங்குவான். களுத்துறைத் தொழிலாளியோ, பொச்சுமட்டைகளைப் படிகளாகக் கட்டிய ஒரு மரத்தில் ஏறினால், பல மரங்களைக் கயிற்றின் வழியே கடந்த பின்னரே மண்ணில் இறங்குவான். கீழ்க்கயிறு காலுக்கு, மேற்கயிறு கைக்கு. இடையிலே கத்தியும் குடுவையும் தொங்கும். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டியைக் கவிழ்ப்பான். துளிதுளியாக வடியும் சாறு இனிமையானது. முட்டியிலே சுண்ணாம்பு பூசினால் அது புளியாது நிற்கும். பூசாவிடின் சில மணி நேரத்துள் நொதித்துக் கள்ளாகும்.

திராட்சை மதுவுக்கும் கள்ளுக்கும் உள்ள பெரு வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. முன்னது பீப்பாயிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும். பின்னதோ ஒரு நாள் கடந்தாற் புளித்துக் காடியாகத் தொடங்கும். ஆகவே இறக்கிய கள் காலந்தாழ்த்தாது வடிசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே காய்ச்சி வடித்த சாராயம், ஹல்மில்ல என்னும் மரத்தாற் செய்த பீப்பாய்களிலே முதிர்கின்றது.

இத்தொழில் ஈட்டிய செல்வம் சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஆங்கில அரசு சாராய விற்பனை உரிமையை ஏலத்திற் குத்தகைக்கு விட்டது. மொறட்டுவையையும் பாணந்துறையையும் சேர்ந்த குடும்பங்கள் பல அக்குத்தகையாற் பெருஞ்செல்வம் எய்தி, காரீயச் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் உரிமை பூண்டன. அதே சாராயத்தால் ஏழைக் குடிகள் நலிந்தமையும் உண்மையே. 1904ஆம் ஆண்டளவில் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டத்தை எதிர்த்து அது மேலும் வலுப்பெற்றது. பிற்காலத்திலே சுதந்திர இலங்கையின் முதற் பிரதமராகிய டி. எஸ். சேனாநாயக்கவும் அவ்வியக்கத்திற் பணியாற்றியவரே.

குத்தகைக்காரர் செல்வந்தராயினர், அரசு வரி பெற்றது, சீர்திருத்தவாதிகள் புகழ் பெற்றனர். கயிற்றின்மேல் நடந்தவனோ அங்கேயே நடந்துகொண்டிருந்தான். மழையில் நனைந்த கயிறு வழுக்கும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிறு இற்றுப்போகும். ஒருமுறை கால் தவறின், அதன் விலை அவன் உயிராகவும் இருக்கலாம். ஒரு குடும்பத்தின் சோறாகவும் இருக்கலாம். இத்தகைய தொழிலைத் தந்தையிடமிருந்து ஏற்கப் பிள்ளைகள் தயங்குவதில் வியப்பென்ன? ஆடைத் தொழிற்சாலைகளும் கடலோர விடுதிகளும் மண்ணிலேயே கால்பதித்து உழைக்க இடந்தருகின்றன. சீவல் தொழிலாளர் தொகை குறைந்து வருகின்றது. சாராயம் என்ற பெயரோடு விற்பனையாகும் மது வகைகள் பலவற்றிலே கரும்பு வெல்லப்பாகிலிருந்து வடித்த மதுசாரமும் கலக்கப்படுகின்றது.

மது நன்றா தீதா என்பது நெடுங்கால வழக்கு. அவ்வழக்கு எவ்வாறு முடியினும், தொழிலாளிக்குரிய நீதி அதற்காகக் காத்திருத்தல் ஆகாது. பானத்தோடு ஊரின் பெயரைப் பிணைத்துக் காத்தமையால் பிரெஞ்சுச் சிற்றூர் தன் உழவருக்கு ஒரு மதிப்பைத் தேடிக்கொடுத்தது. களுத்துறைத் தென்னஞ்சாறு கள்ளாயினும், கருப்பட்டியாயினும், காடியாயினும் அதனை முதலில் ஏந்துவது ஒரே கைதான். அக்கைக்கு உறுதியான கயிறும், விபத்துக்கு ஈடும், உழைப்புக்கேற்ற ஊதியமும் கிட்டுமாயின், அப்பாதையிலே நாளையும் ஒருவன் நடப்பான். கிட்டாவிடின், தென்னைகள் நிற்கும். அவற்றைப் பிணைத்த கயிறுகள் இரா.