பயிற்றுநரின் தராசு
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



விளையாட்டு ஒழுக்கத்தை வளர்க்கும் என்று பரிசளிப்பு விழாதோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒழுக்கந் தவறிய ஆட்டக்காரனைப் பயிற்றுநர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் அந்த மேடைகளில் எவரும் சொல்வதில்லை. இதனை ஆராய்வதற்கு அமெரிக்கச் சர்வகலாசாலைகளே தக்க இடம். அங்கு உதைபந்தாட்டம் பெரும் பணம் புரளும் காரியம். (அது நமது உதைபந்தாட்டமன்று, பந்தை ஏந்தி ஓடும், றகரை ஒத்த ஆட்டம்.) பயிற்றுநரின் சம்பளம் சர்வகலாசாலைத் தலைவரின் சம்பளத்தை மிஞ்சுவதும் உண்டு. ஆகவே தண்டிக்க வேண்டிய கைக்கு அங்கே சோதனை அதிகம்.

அலபாமா சர்வகலாசாலையிலே போல் பிரையன்ற் என்றொரு பயிற்றுநர் இருந்தார். இளமையில் கரடியொன்றுடன் மல்லுக்கு நின்றமையால் 'கரடி' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. 1963 மார்கழியில், அவருடைய குழுவின் முதன்மை ஆட்டக்காரரான ஜோ நேமத் விதியை மீறி மது அருந்தினார் என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. நேமத்தை அழைத்துக் கேட்டார். அவர் மறைக்கவில்லை. உதவிப் பயிற்றுநர்களுட் பலர் இலேசான தண்டனை போதும் என்றனர். அந்தப் பருவத்தில் எஞ்சியிருந்தவை இரண்டே ஆட்டங்கள்: மயாமியுடன் ஒன்று, புத்தாண்டு நாளில் 'சுகர் போல்' என்னும் பெரிய ஆட்டம் மற்றொன்று. இரண்டிலிருந்தும் நேமத்தை விலக்கினார் பிரையன்ற். ஆயினும் அடியோடு துரத்திவிடவில்லை. நடத்தை சீர்ப்பட்டால் திரும்பி வரலாம் என்றார்.

அலபாமா இரண்டிலும் வென்றது. சுகர் போலில் மிசிசிப்பியை 12–7 என வீழ்த்தியபோது, அந்த 12 புள்ளிகளையும் ஒருவரே காலால் உதைத்துப் பெற்றுக் கொடுத்தார். அடுத்த பருவத்தில் நேமத் திரும்பினார். 1964இன் தேசிய முதற்குழுவாக அலபாமா தெரிவாயிற்று. தாம் பயிற்றியவர்களுள் தலைசிறந்த வீரர் அவரே என்று பிரையன்ற் பிற்காலத்தில் கூறினார். வெற்றி கிடைத்தபடியால் இக்கதை இனிக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோற்றிருந்தால் அலபாமாவில் எத்தனைபேர் பிரையன்றைப் பாராட்டியிருப்பர்? பதிலாட்டக்காரன் ஒருவன் குடித்திருந்தால் எந்தப் பயிற்றுநரும் தயங்காமல் தண்டித்திருப்பார். பிரையன்றின் பெருமை, எவரில்லாமல் வெல்ல முடியாது என எல்லாரும் எண்ணினரோ அவரையே தண்டித்ததிலே இருக்கிறது.

குடித்தது குழுவின் விதிக்கு எதிரான குற்றம். குழுவின் பெரியவர் தீர்ப்புக் கூறினார். பிறிதொருவரை அடித்து வதைத்த குற்றத்துக்கும் அவர்தாம் நீதிபதியோ?

1995 புரட்டாதியில் நெபிராஸ்கா சர்வகலாசாலையின் ஆட்டக்காரர் லோறன்ஸ் பிலிப்ஸ், தம்முடன் முன்னர் பழகிய ஒரு மாணவியைத் தாக்கிக் கைதானார். பயிற்றுநர் ரொம் ஒஸ்போண் அவரை விலக்கிவைத்தார். ஆனால் ஆறு ஆட்டங்களின் பின் மீண்டும் சேர்த்துக்கொண்டார். ஆட்டம் ஒன்றே அவ்விளைஞரின் வாழ்வை ஒழுங்கிலே நிறுத்தும் கயிறு, அதையும் அறுத்துவிட்டால் அவர் அழிந்துபோவார் என்பது ஒஸ்போணின் வாதம். அவர் மனச்சாட்சியோடுதான் பேசினார் என்றே நாம் நம்புகிறோம். ஆனால் அந்தத் தராசில் ஆட்டக்காரரின் வாழ்வும் குழுவின் வெற்றியும் ஒரே தட்டில் ஏறிவிட்டன. அடிபட்டவளுக்காக மற்றத் தட்டில் எவரும் நிற்கவில்லை. 1996 தையில் புளோறிடாவை 62–24 என நெபிராஸ்கா வென்று முதற்குழுவாயிற்று. பிலிப்சும் அன்று ஆடினார். அந்தக் கயிறும் அவரைக் காக்கவில்லை. மேலும் பல தாக்குதல்களுக்காகச் சிறை சென்ற அவர், 2016 தையில் சிறையிலேயே மாண்டார்.

அதே 2016இல் ரெக்சாஸ் மாநிலத்துப் பேலர் சர்வகலாசாலையின் நிருவாகசபை ஒரு விசாரணையின் முடிவுகளை வெளியிட்டது. ஆட்டக்காரர்மீது பெண்கள் கொண்டுவந்த முறைப்பாடுகளை உரிய அதிகாரிகளுக்கு அறிவியாமல், உதைபந்தாட்டப் பகுதியினர் ஒழுங்கு நடவடிக்கையைத் தம் கைக்குள்ளேயே வைத்திருந்தனர் என்று அதிலே கண்டார்கள். தலைமைப் பயிற்றுநர் ஆட் பிறைல்ஸ் பதவியிழந்தார். "நம் வீட்டுப் பிள்ளை, நாமே பார்த்துக்கொள்வோம்" என்ற பேச்சு நமது ஊர்களிலும் கேட்காததன்று.

பயிற்றுநரே தவறினால்? ஒகையோ மாநிலச் சர்வகலாசாலையிலே 28 பருவங்கள் பயிற்றிய வூடி ஹேய்ஸ், கண்டிப்புக்குப் பேர் போனவர். 1978 மார்கழி 29ஆந் திகதி, ஆட்டம் முடியுந் தறுவாயில், தமது குழுவின் பந்தை இடைமறித்த எதிர்க்குழு இளைஞனைக் கையால் அடித்தார். மறுநாள் அவர் பதவி பறிபோயிற்று. பதவிநீக்கிய விளையாட்டுப் பணிப்பாளர் ஹியூ ஹிண்ட்மன், ஒருகாலத்தில் ஹேய்சிடம் ஆட்டம் பயின்று, அவருக்குக் கீழே உதவிப் பயிற்றுநராகவும் இருந்தவர்.