இவர் கண், என் காது

(நம் சங்க உறுப்பினர்களின் அந்தமான் யாத்திரையில், ஹேவ்லாக் தீவில் நடந்த மாலைக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நேற்று கரண்ட் போன பிறகு கடைசி ரூம் வராந்தாவில் ஒரு மாமி கத்திக்கொண்டே இருந்தாளே, அது நான்தான். சண்டையோ என்று சிலர் எட்டிக்கூடப் பார்த்தீர்கள். சண்டை இல்லை, கதை. "அதையே நாளைக்கு மைக்கில் சொல்லிவிடுங்கோ" என்று காரியதரிசி மாட்டிவிட்டுவிட்டார்.

எழுத்துக்கூட்டத் தெரிந்த நாளிலிருந்து எனக்குப் புத்தகப் பைத்தியம். மளிகை கட்டி வந்த காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் பருப்பை டப்பாவில் கொட்டுவேன். புக்ககத்துக்கு வரும்போது, பத்திரிகைத் தொடர்களைக் கிழித்து பைண்டு செய்து ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கொண்டுவந்தேன். எங்காத்து மாமா இன்ஜினியர். பேப்பர், பாங்க் பாஸ்புக், இரண்டுக்கு மேல் படித்ததில்லை. "நடக்காததைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்பார். நாற்பது வருஷம் ஒரே கூடத்தில் இப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்காத்து வாசல்நிலை வளைந்து தெரிந்தது. தச்சனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் பாவம், மட்டம் வைத்துக் காட்டினான், நேராகத்தான் இருந்தது. வளைந்தது என் கண். மாகுலர் டிஜெனரேஷன் என்றார் டாக்டர். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போகிறது. ஓரப்பார்வை இருப்பதால் நடமாடலாம், காபி கலக்கலாம். நேரே பார்ப்பதுதான் தெரியாது. ராதாநகர் கடற்கரையின் ஓரமெல்லாம் எனக்குத் தெரிந்தது, பக்கத்தில் நின்று பேசியவர் முகம் தெரியவில்லை. புத்தகத்தில் எழுத்தே இல்லை.

ஐம்பது தாண்டியவர்கள் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட காகிதத்தை ஒரு கண்ணை மூடி, அப்புறம் மற்றதை மூடிப் பாருங்கள். கோடு நெளிந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். இதில் ஒரு வகையைச் சீக்கிரம் கண்டால் ஊசி போட்டுக் கட்டுப்படுத்தலாம். நான் தச்சனோடு மூன்று மாசம் போக்கிவிட்டேன்.

ஒரு வாரம் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் இவர் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு, 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். ஈசுவரா! டெண்டர் நோட்டீஸ் வாசிக்கிற மாதிரி. வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் ஒரே குரல். ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு என்னைத் தட்டி எழுப்பி, "ஏய், இந்த நந்தினி நல்லவளா, கெட்டவளா?" என்றார். எனக்குத் தெரியாமல் ராத்திரி உட்கார்ந்து மேலே படித்திருக்கிறார்! என் பெட்டி, என் புத்தகம், எனக்கு முன்னால் இவரா? அன்றைக்கு நான் பேசவே இல்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது.

அப்புறம் பெண் ஒலிப்புத்தகம் அனுப்பினாள். பாம்பே கண்ணன் பல குரல்களை வைத்து நாடகம் மாதிரி தயாரித்தது. ஒலிப்புத்தகம் சோம்பேறிகளுக்கு என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 1935-ல், முதல் உலகப் போரில் கண்ணிழந்த சிப்பாய்களையும் உத்தேசித்துத்தான் பேசும் புத்தகங்களைத் தொடங்கினார்கள். நம் தேசத்திலும் அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கென்று 2016-ல் 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற இணைய நூலகம் வந்தது. வேண்டியவர்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் ஆனந்தமாகக் கேட்டேன். இவர் முகம் சுண்டிப்போயிற்று. "என் உத்தியோகம் போச்சு, அவ்வளவுதானே?" என்றார். சேர்ந்து கேட்கலாம் என்று இழுத்து உட்கார வைத்தால், சிரிக்கிற இடத்தில் சிரிக்கவில்லை. அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மனுஷருக்குக் காது மந்தமாகி இரண்டு வருஷமாம், மறைத்திருக்கிறார். நான் சொன்னதற்கெல்லாம் "சரி சரி" என்றது அதனால்தான்.

அதற்குப் பிறகு ஓர் ஏற்பாடு. போன் பேசும், நான் கேட்பேன். இவர் புத்தகத்தை மடியில் வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வருவார். இவர் தூங்கிவிட்டால் விரல் நின்றுவிடும், நானும் நிறுத்திவிடுவேன். ஒருவரை விட்டு ஒருவர் மேலே போகக் கூடாது.

இந்தத் தீவுக்கு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் வைத்தார்கள். சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கேபிள் போட்டு 2020-ல் இங்கே வரை இணைத்துவிட்டார்கள். ஆனாலும் கதையை ஊரிலேயே இறக்கிக்கொண்டு வந்தேன், ஜாக்கிரதைக்கு. கரண்டுக்கு என்ன ஜாக்கிரதை செய்வது? மார்கழியில் இங்கே ஐந்தரைக்கே இருட்டிவிடுகிறது. நேற்றுக் காற்று வேறு. காற்று பட்டால் காதுக் கருவியில் ஒரே இரைச்சல் என்று இவர் கழற்றி வைத்துவிட்டார். புத்தகம் தெரியவில்லை. போனிலும் சார்ஜ் தீர்ந்துபோயிற்று. கதையோ 'சுழற்காற்று' பாகம், நடுக்கடலில் கப்பல் பற்றி எரிகிற இடம்!

"ஏன்னா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். "நீ சொல்லேன்" என்றார். "உங்களுக்குத்தான் தெரியுமே, இது இரண்டாவது தடவையாச்சே" என்றால், "தெரிந்தால் என்ன, சொல்லு" என்கிறார்.

காதோரம் குனிந்து ஆரம்பித்தேன். காற்றுக்கு மேலே கேட்க வேண்டாமா? அந்தச் சத்தம்தான் உங்களை எழுப்பியது. அரை மணியில் வராந்தாப் படியில் ஏழெட்டுப் பேர். பூங்குழலி படகைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிற இடத்தில் என் தொண்டை கட்டிவிட்டது.

அவள் இன்னும் கடலில்தான் இருக்கிறாள். இவர் சாயங்காலமே வராந்தாவில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். சாப்பாடு எட்டு மணிக்கு. முடித்துக்கொண்டு வாருங்கோ.